பெருமூளை வாதம்: காரணம் எது, பொறுப்பு யாருடையது?

என் அக்கா மகன் ஐந்தாம் மாதத்திலேயே வலது கையை எந்நேரமும் இறுக்கி மூடி வைத்திருப்பான். பொம்மையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கைதான் முன்னால் வரும். "இடதுகைப் பழக்கம்" என்று வீட்டில் சிரித்தார்கள். பதினோராம் மாதம் குழந்தை நரம்பியல் மருத்துவர் அதற்குப் பெருமூளை வாதம் என்று பெயர் சொன்னார். அன்று மாலைக்குள் இரண்டு கேள்விகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒன்று: "வாக்யூம் போட்டுத்தானே எடுத்தாங்க? அதுலதான் அடிபட்டிருக்கும், கேஸ் போடு." (தலையில் உறிஞ்சும் கிண்ணம் பொருத்தி இழுத்துப் பிரசவம் பார்ப்பதைத்தான் வாக்யூம் என்கிறார்கள்.) மற்றது அக்காவின் முகத்துக்கு நேரே வந்தது: "மாசமா இருக்கும்போது நீ என்ன பண்ணின?"

இந்த இரண்டு கேள்விகளையும் பிறகு பல வீடுகளில் கேட்டுவிட்டேன். ஏதோ தவறு நடந்திருக்க வேண்டும், தவறு செய்த ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. சில குழந்தைகளின் விஷயத்தில் அது உண்மை. பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் உண்மையில்லை. எது எந்த வகை என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

## காய்ச்சல் போல ஒரு பெயர்

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது என்று மட்டுமே அர்த்தம். மலேரியாவா, டைபாய்டா, சளியா என்பது அந்தச் சொல்லில் இல்லை. பெருமூளை வாதமும் அப்படித்தான். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்ட ஒரு பாதிப்பு, உடலின் அசைவையும் நிலைநிற்பையும் நிரந்தரமாகக் கெடுத்திருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பெயர் சொல்கிறது. பாதிப்பு எது, எப்போது நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்ற எதையும் அது சொல்லாது.

மூளையில் விழுந்த காயம் அதன்பின் பெரிதாவதில்லை. ஆனால் குழந்தை வளர வளர அதன் விளைவுகள் மாறித் தெரியும். மூன்று மாதத்தில் தலை நிற்காமல் இருப்பது, ஒன்பது மாதத்தில் உட்கார முடியாமல் இருப்பது, மூன்று வயதில் நுனிக்காலில் நடப்பது எல்லாம் ஒரே பழைய காயத்தின் வெவ்வேறு முகங்கள். அறிவுத்திறன் பாதிக்கப்பட்டே தீரும் என்பதும் இல்லை. கைகால் வசப்படாத, பேச்சு குழறும் ஒரு பிள்ளை, பேசுவதை எல்லாம் முழுக்கப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உலக அளவில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 2 பேருக்கு இது வருகிறது. ஐந்தில் நால்வருக்குத் தசைகள் விறைப்பாக இருக்கும் வகை. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடற்ற அசைவோ, தள்ளாட்டமோ மேலோங்கி இருக்கும்.

## லிட்டில் ஒன்று சொன்னார், ஃபிராய்டு வேறு சொன்னார்

பிரசவத்தில் மூச்சு முட்டியதால்தான் இது வருகிறது என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர், கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைகால் விறைப்போடு இணைத்து 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தில் பேசினார். நெடுங்காலம் இந்த நிலைக்கு "லிட்டில் நோய்" என்றே பெயர் இருந்தது.

அதை மறுத்துப் பேசியவர் சிக்மண்ட் ஃபிராய்டு. மனப்பகுப்பாய்வுக்காகப் பெயர் பெறும் முன் அவர் நரம்பியல் மருத்துவர். பிரசவம் சிக்கலாவதே, கருவிலேயே குழந்தையிடம் இருந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897-ல் எழுதினார். அந்தக் கருத்து அன்று எடுபடவில்லை. 1959 முதல் 1966 வரை அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்தத் தரவுகளை அலசி 1986-ல் வெளியான ஆய்வில், பிரசவ நேர மூச்சுத் திணறல் ஒரு சிறு பங்குக் குழந்தைகளின் நிலையைத்தான் விளக்கியது.

வசதி மிகுந்த நாடுகளின் ஆய்வுகளில் அந்தப் பங்கு சுமார் பத்தில் ஒன்று. பிரசவ வசதி குறைந்த இடங்களில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். இந்தப் பத்தில் ஒன்றை வைத்து மருத்துவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதும், அதை மறந்துவிட்டுப் பெற்றோர் எல்லோரும் வழக்குக்கு ஓடுவதும் எனக்கு ஒரே அளவு வருத்தம் தருபவை. உங்கள் குழந்தை அந்த ஒன்றா, மற்ற ஒன்பதா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

## கடைமடை வயல்கள்

மூளைக்கு ரத்தம் போவதை வாய்க்கால் பாசனமாக நினைத்துப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. தலைமடை வயல்கள் இருக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவைதான் பொய்த்துப்போகும்.

மூளையிலும் கடைமடைகள் உண்டு. ஆனால் அவை இருக்கும் இடம் கர்ப்ப மாதத்தைப் பொறுத்து மாறும். 24 முதல் 32 வாரங்களில், மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகளை ஒட்டிய பகுதிதான் கடைமடை. செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகள் அங்கே ஓடுகின்றன. அவற்றுக்கு வெண்பொருள் என்று பெயர். அந்த இழைகளுக்கு உறை போடும் இளம் உயிரணுக்கள் அந்த வயதில் மிக மென்மையானவை. ரத்த ஓட்டம் தளர்ந்தாலும், கிருமித் தொற்றால் அழற்சி ஏற்பட்டாலும் அவைதான் முதலில் மடியும். கால்களுக்குப் போகும் இழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுவதால், குறைமாதக் குழந்தைகளுக்குக் கைகளைவிடக் கால்கள் அதிகம் விறைக்கின்றன.

நிறைமாதக் குழந்தையின் கடைமடை வேறு. பெரிய தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் இடம், அதாவது மூளையின் வெளிப்பகுதியில் உள்ள ஒரு பட்டை. ரத்தமும் ஆக்சிஜனும் நெடுநேரம் மெல்ல மெல்லக் குறைந்தால் அந்தப் பட்டைதான் காயும். திடீரென்று மதகையே அடைத்ததுபோல மொத்தமும் நின்றால் கதை மாறுகிறது. அப்போது தாகம் மிகுந்த பயிர்தான் முதலில் வாடும். அந்த வயதில் அதிகச் சக்தி கேட்பவை மூளையின் ஆழத்தில் உள்ள, அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்பு முடிச்சுகள். அவை சேதமானால் நான்கு கைகால்களும் விறைப்பதோ, கட்டுப்பாடற்ற அசைவு வருவதோ நேரும்.

எம்.ஆர்.ஐ. படம் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். எந்த வயல் காய்ந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் எப்போது, எப்படி நின்றது என்று கணிக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் படத்தில் 28 வார மூளைக்குரிய காயம் தெரிந்தால், பிரசவ அறையில் என்ன நடந்திருந்தாலும் அந்தக் காயம் அங்கே விழவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெருமூளை வாதம் என்பது ஒரு விளைவின் பெயர். காயத்தின் இடம், அது விழுந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரசவ நேரம் அந்தக் காலங்களில் ஒன்று மட்டுமே.

## பிரசவ அறைக்கு வெளியே உள்ள காரணங்கள்

குறைமாதப் பிறப்புதான் இவற்றில் பெரியது. ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் போன்ற தொற்றுகள், பனிக்குடத்தில் ஏற்படும் அழற்சி, நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் கருவின் வளர்ச்சி குன்றுவது, இரட்டைக் குழந்தைகளில் ஒன்று கருவிலேயே இறப்பது, மூளையே வேறு வடிவில் உருவாவது எல்லாம் இதில் அடங்கும். காரணமே தெரியவில்லை என்று எழுதி மூடப்பட்ட கோப்புகள் பலவற்றில், இப்போதைய மரபணுப் பரிசோதனைகள் விடை காட்டுகின்றன. பிறந்த பிறகு வரும் மூளைக்காய்ச்சலும் தலைக்காயமும்கூடக் காரணமாகலாம்.

என் அக்கா மகனுக்கு நேர்ந்தது பக்கவாதம். முதியவர்களுக்கு வருமே, அதேதான். பிறப்பை ஒட்டிய நாட்களில் மூளையின் இடப்பக்கத் தமனி ஒன்றை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. மூளையின் இடப்பக்கம்தான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது, அதனால் வலது கை. இது சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, ஏன் வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடியாது. ஓராண்டு முடியும் முன் ஒரு குழந்தை ஒரே கையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதைப் பழக்கம் என்று விடக்கூடாது என்பதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். அந்த வயதில் கைப்பழக்கம் உறுதிப்படுவதில்லை.

"தோளைப் பிடிச்சு இழுத்திருப்பாங்க" என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் உண்மையில் நடக்கக்கூடியதுதான், ஆனால் வேறு காயம். தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு அறுந்துபோகலாம். அந்தக் கை பிறந்த அன்றே துவண்டு கிடக்கும். மூளைக்காயத்தால் கெட்ட கையோ மாதங்கள் கழித்து விறைத்து மடங்கும். முதலாவது நரம்புக் காயம், அது பெருமூளை வாதம் ஆகாது.

மஞ்சள் காமாலையைத் தனியே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு லேசாக மஞ்சள் படர்வது சாதாரணம். ஆனால் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மிக அதிகமானால் அது மூளைக்குள் நுழைந்து ஆழத்து முடிச்சுகளை எரித்துவிடும், காதும் கேட்காமல் போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, நீல ஒளியின் கீழ் வைத்தே பெரும்பாலும் தடுத்துவிடலாம். மிகத் தீவிரமானால் ரத்தத்தை மாற்றுவார்கள். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடியது என்பதால், யாரும் பரிசோதிக்காமல் விட்டு இது நேர்ந்திருந்தால் பொறுப்பு பற்றிய கேள்வி மிகக் கூர்மையாக எழும், எழவும் வேண்டும்.

## ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே

ஆற்றில் மூச்சைப் பிடித்து முங்கி எழும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நன்றாக மூச்சு வாங்கினால் மறுபடி முங்கலாம். எழுந்த உடனே தலையை அழுத்தினால்? நாலாவது, ஐந்தாவது முறை திணறும்.

கர்ப்பப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நசுங்குகின்றன. வலி விட்டதும் ரத்தம் திரும்புகிறது. ஆரோக்கியமான குழந்தை இந்த முங்குதலைப் பல மணி நேரம் தாங்கும். வலி வருவதற்காக ஏற்றும் ஆக்சிடோசின் டிரிப்ஸ் அளவு மீறினால் இடைவெளி சுருங்கிவிடும். 10 நிமிடத்தில் 5-க்கு மேல் வலி வந்தால் அது எச்சரிக்கை. அப்போது டிரிப்ஸைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்.

குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் அருகருகே கோடுகளாக வரையும் கருவிக்கு சி.டி.ஜி. என்று பெயர். 1970-களில் அது பரவியபோது பெருமூளை வாதம் குறைந்துவிடும் என்று நம்பினார்கள். அறுவைப் பிரசவங்கள் பல மடங்கு கூடின. நிறைமாதக் குழந்தைகளிடையே பெருமூளை வாதம் ஏறக்குறைய அதே அளவில் நின்றது. அந்தக் கோடுகள் அடிக்கடி பொய் எச்சரிக்கை தருபவை. கோடு கெட்டிருந்தும் நலமாகப் பிறக்கும் குழந்தைகளே மிக அதிகம். அதற்காகக் கோட்டைப் பார்க்காமல் விடலாம் என்று ஆகிவிடாது. இரண்டு மணி நேரம் மோசமாகிக்கொண்டே போன தாளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், கருவியின் குறை அதற்குச் சாக்கு ஆகாது.

திடீர் ஆபத்துகள் வேறு. தொப்புள்கொடி முன்னால் நழுவி நசுங்குவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பழைய அறுவைத் தழும்பில் கர்ப்பப்பை கிழிவது. இவற்றில் நிமிடக் கணக்குதான்.

## முதல் மூன்று நாட்கள்

பிரசவத்தில் ஆக்சிஜன் நின்று மூளை காயப்பட்டிருந்தால், குழந்தை அந்த வாரமே அதைக் காட்டிவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மறக்கக்கூடாத செய்தி இதுதான். அழாமல், துவண்டு, பால் இழுக்காமல், வலிப்போடு, பெரும்பாலும் சிறுநீரகமும் கல்லீரலும்கூடத் தடுமாறிக் கிடக்கும். மூளை விழிப்பற்றுத் தடுமாறும் இந்த நிலைக்கு எச்.ஐ.ஈ. என்று குறிப்பில் எழுதுவார்கள். பிறந்த அன்றே நன்றாகப் பால் குடித்து, மூன்றாம் நாள் வீடு திரும்பிய நிறைமாதக் குழந்தைக்குப் பிரசவத் திணறலால் பெருமூளை வாதம் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மருத்துவர்கள் வேறு தடயங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் 1953-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் துடிப்பு, மூச்சு, தசை, எதிர்வினை, நிறம் என ஐந்துக்கும் 2 வீதம் 10 மதிப்பெண். 5-ஆம் நிமிடத்திலும் 10-ஆம் நிமிடத்திலும் அது 5-க்குக் கீழே இருந்தால் சந்தேகம் கூடும். தொப்புள்கொடித் தமனி ரத்தத்தின் பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 7.0-க்குக் கீழே இருந்தால் கடுமையான ஆக்சிஜன் பஞ்சம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் முடிவு சொல்ல மாட்டார்கள். பி.எச். அவ்வளவு இறங்கியும் நலமாக வளர்ந்த குழந்தைகள் ஏராளம்.

மூளையணுக்கள் எல்லாம் ஒரே அடியில் சாவதில்லை. முதல் அடியில் பிழைத்தவற்றில் பல, சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலையில் மடிகின்றன. அந்த இடைவெளியில், 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் குளிர்விப்பது இப்போது பல நாடுகளில் நடைமுறை. வசதி மிகுந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது சாவையும் ஊனத்தையும் குறைத்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, இறப்பு கூடியது. ஆகவே "குளிர்விக்கவில்லை" என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

இங்கேயும் ஒரு சுருக்கம்: பிரசவத்தில்தான் நடந்தது என்று சொல்ல, பிரசவத்தின்போது ஒரு நிகழ்வு, பிறந்தவுடன் ரத்தத்தில் தடயம், முதல் நாட்களில் நோய்நிலை, அதற்குப் பொருந்தும் எம்.ஆர்.ஐ. ஆகியவை சங்கிலிபோலக் கோத்துவர வேண்டும்.

## காரணம் வேறு, பொறுப்பு வேறு

உரிமம் இல்லாதவர் ஓட்டிவந்த வண்டி சிக்னலில் நிற்கிறது. பின்னால் வந்த லாரி இடிக்கிறது. உரிமம் இல்லாதது தவறுதான், ஆனால் இடி அதனால் வரவில்லை. மருத்துவப் பொறுப்பில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான்.

பெரும்பாலான நாடுகளில் இழப்பீடு கேட்கும் வழக்கு நான்கு கேள்விகளைத் தாண்ட வேண்டும். மருத்துவருக்கு அந்தத் தாயிடமும் சேயிடமும் கடமை இருந்ததா? அதிலிருந்து வழுவினாரா? தீங்கு உண்டா? அந்த வழுவல்தான் தீங்கை விளைவித்ததா? முதலாவதும் தீங்கு உண்டா என்பதும் பொதுவாகச் சிக்கல் இல்லாதவை. நான்காவதில்தான் வழக்குகள் விழுகின்றன. தொப்புள்கொடி நழுவி, பத்தே நிமிடத்தில் அறுவை செய்தும் குழந்தை காயப்பட்டால், காரணம் பிரசவம், வழுவல் இல்லை. சி.டி.ஜி. கோட்டைப் பார்க்காமல் விட்டார்கள், ஆனால் காயம் 28 வாரத்துக்குரியது என்றால் வழுவல் உண்டு, தொடர்பு இல்லை. இரண்டும் சேரும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படும் பராமரிப்புக்கு இழப்பீடு கேட்பதைப் பேராசை என்று பேசுவது கொடுமை.

வழுவலை எதை வைத்து அளப்பது? பொலாம் சோதனை என்று சட்டத்தில் வழங்கும் அளவுகோல் 1957-ல் ஓர் ஆங்கில வழக்கில் பிறந்தது. பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரி என்று ஏற்கும் முறையில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது. 1997-ல் அங்கே இன்னொரு வழக்கில், அந்தக் குழுவின் கருத்து தர்க்கத்துக்கும் நிற்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முன் வந்தது நேரடியாகப் பெருமூளை வாதம் பற்றிய வழக்கு. நீரிழிவு உள்ள தாய்க்கு, குழந்தையின் தோள் சிக்க 9 முதல் 10 சதவீத வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லவில்லை. தோள் சிக்கியது, 12 நிமிடம் போனது. எதைச் சொல்வது என்பதை மருத்துவ வழக்கம் தீர்மானிக்க முடியாது, அந்தத் தாயின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரசவ மேசைக்கு வரும் முன்பே பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்பதால் எனக்கு இந்தத் தீர்ப்பு முக்கியமாகப் படுகிறது.

பழியையும் பணத்தையும் பிரித்துவிட்ட நாடும் உண்டு. ஜப்பான் 2009-ல் தொடங்கிய திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு யார் தவறு என்று பார்க்காமலே, முதலில் 60 லட்சம் யென்னும் பிறகு ஆண்டுக்கு 12 லட்சம் வீதம் 20 ஆண்டுகளும், ஆக 3 கோடி யென் தருகிறார்கள். என்ன நடந்தது என்ற ஆய்வறிக்கை குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் போகிறது. வழக்குப் போடும் பல பெற்றோருக்கு அந்த அறிக்கைதான் உண்மையில் வேண்டியிருக்கிறது.

## கேட்டு வாங்க வேண்டியவை

சந்தேகம் இருந்தால் முதலில் ஏடுகளைக் கேளுங்கள். கர்ப்பகால அட்டை, ஸ்கேன்கள், பிரசவக் குறிப்பு, சி.டி.ஜி. தாளின் முழு நகல், தொப்புள்கொடி ரத்த முடிவு, பிறந்த குழந்தைப் பிரிவின் குறிப்புகள், எம்.ஆர்.ஐ. படங்கள். குழந்தை மோசமான நிலையில் பிறந்தால் நஞ்சுக்கொடியை நோயியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொற்றா, ரத்தக்கட்டியா என்று அதில் தெரிய வாய்ப்புண்டு. வழக்குக்குக் காலக்கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும்.

எங்களுக்கு ஏடுகள் கைக்கு வர ஐந்து மாதம், ஒரு மகப்பேறு நிபுணர் அவற்றைப் படித்துச் சொல்ல இன்னும் மூன்று மாதம் ஆனது. வாக்யூமை ஒரே முறைதான் பொருத்தியிருந்தார்கள். அப்கார் 8, 9. முதல் மணி நேரத்திலேயே பால் குடித்திருக்கிறான். பிரசவத்தை இந்தப் பக்கவாதத்தோடு தொடர்புபடுத்த இந்த ஏட்டில் எதுவும் இல்லை, கர்ப்பத்தில் அக்கா செய்த எதுவும் காரணம் இல்லை என்றார். இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி அக்கா கேட்டாள்.

அவன் பிசியோ பயிற்சி அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பெயர் சொன்ன மறுவாரமே தொடங்கிவிட்டது. நல்ல கைக்கு மெத்தென்ற ஓர் உறை மாட்டிவிட்டு, வலது கையால் மட்டும் தினமும் விளையாட வைப்பார்கள். முதல் மாதம் முழுக்க அழுதான். நிபுணர் எங்களை அழைத்துப் பேசிய நாளில், அவர் மேசையில் இருந்த பேனாவை எட்டி எடுத்தது அந்த வலது கைதான்.